பஞ்சு பட்டும் இமைக்காத கண்

மருத்துவர் சிறிது பஞ்சை எடுத்து விரல்களுக்கிடையே நூலாக முறுக்கினார். அப்பாவை நேராகச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து அந்த நுனியைக் கொண்டுவந்து இடது கருவிழியைத் தொட்டார். அப்பா இமைத்தார். ஆனால் நிதானமாக, யாரோ கூப்பிட்டது தாமதமாகக் காதில் விழுந்தவரைப் போல. அடுத்து வலது கண். பஞ்சு கருவிழியில் படுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கூசியது. அப்பா இமைக்கவில்லை.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா ஐயா?"

"நீங்க இன்னும் தொடவே இல்லீங்களே சார்."

மூன்று வாரமாக அந்தக் கண்ணில் இருந்த புண் ஏன் ஆறவில்லை என்பது அந்தப் பதிலில்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுக்குப் பக்கம். சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி, நடுவே காப்பி. வீட்டோரம் சௌசௌ பந்தலும் இரண்டு வெண்ணெய்ப் பழ மரங்களும். அப்பாவுக்கு வயது 67. சர்க்கரை வந்து 18 வருடம். மாசிக் கடைசியில், பழம் பறித்து முடிந்த செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தபோது, வளைத்துப் பிடித்த ஒரு வாது கைதவறி நிமிர்ந்து கண்ணில் அடித்திருக்கிறது. ஓடைத் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு சாயங்காலம் வரை வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. வலிக்கவில்லை, அதனால் சொல்லத் தோன்றவில்லை.

நான்காம் நாள் கண் சிவந்து பார்வை மங்கியது. அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றி எடுத்தாள். நான் கீழே போனபோது ஒரு மருந்துக்கடையில் சொல்லி, சீட்டு இல்லாமலேயே சொட்டு மருந்து வாங்கிவந்தேன். சிவப்பு இரண்டே நாளில் வடிந்தது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது மதுரைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும். திறந்த புண்ணில் அதை ஊற்றினால் ஆறுவதைத் தாமதப்படுத்தும், பூஞ்சை இருந்தால் அதற்கு வழிவிடும். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள். குப்பியின் மேல் எழுதியிருந்ததை எடுத்துப் படித்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த வருத்தத்தில்தான்.

கருவிழி என்று நாம் சொல்வது உண்மையில் கறுப்பானதல்ல. கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் தெளிந்த படலம் அது. பாடப்புத்தகத்தில் கார்னியா. அரை மில்லிமீட்டர் கனம், அதாவது ஐந்து தாள்களை அடுக்கிவைத்த அளவு. அதில் ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தால் ஒளி உள்ளே போகாது. மேல்தோலாக ஐந்து முதல் ஏழு அடுக்கு செல்கள். இவை தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். ஏழு முதல் பத்து நாளைக்குள் மொத்த மேல்தோலும் புதிதாகிவிடும். புதுச் செல்கள் வருவது கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பிலிருந்து. அங்கேதான் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. வாழைக்கு நடுவிலிருந்து குருத்து வருகிறது. கருவிழிக்கு ஓரத்திலிருந்து வருகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் இந்த விளிம்புச் செல்களில் எது உண்மையான ஸ்டெம் செல் என்று கண்டுகொள்ள ஓர் அடையாளம் சொன்னார்கள்: செல்லின் பெரும்பகுதியை உட்கருவே அடைத்துக்கொண்டிருக்க வேண்டும், பி63 என்ற புரதமும் அதில் மிகுந்திருக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருந்த ஊரிலேயே நடந்த வேலை இது. அன்று எனக்குத் தெரியாது.

கருவிழியில் இல்லாதது ரத்தம், நிறைந்திருப்பது நரம்பு. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடம் அதுதான், தோலைவிடச் சில நூறு மடங்கு. அதனால்தான் ஒரு தூசிக்கு நாம் அவ்வளவு துடிக்கிறோம். அந்த நரம்புகளின் வேலை வலியைச் சொல்வது மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவை மேல்தோல் செல்களுக்கு ஊட்டமும் தருகின்றன. பிளவுபடவும் நகரவும் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் காலில் நரம்பு மரத்துப்போவதை எல்லோரும் அறிவோம். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறவர்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். அதே மரப்பு கண்ணிலும் வரும் என்பதை நம்மில் பலரும் கேள்விப்பட்டதில்லை. சர்க்கரைக்காரர் கண் என்றால் விழித்திரையும் கண்புரையும்தான் பேச்சில் வரும். கருவிழி நரம்பு மெலிந்தால் அடிபட்டது தெரியாது, இமைப்பது குறையும், கண்ணீர் குறையும், புண்ணுக்கு ஊட்டமும் குறையும். மேல்தோலைக் கீழே பிடித்துவைக்கும் பிடிப்பும் தளர்ந்துவிடுவதால், ஆறிய இடமே மறுபடி உரிந்துகொள்ளும். நல்ல கண்ணில் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும் கீறல், அப்பாவுக்கு மூன்று வாரமாகியும் திறந்தே கிடந்தது.

நம் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1990-களில் அரவிந்த் மருத்துவர்கள் மதுரை மாவட்டத்தில் பார்த்தபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதியில் அதே கணக்கு 11. 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் மட்டும் பார்த்த 434 கருவிழிப் புண் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அதற்கு முன் கண்ணில் அடிபட்டவர்கள். நெல் தாள், கரும்புத் தோகை, மாட்டு வால், மண், சிம்பு என்று காடு கழனியில் கண்ணுக்கு வராத ஆபத்து இல்லை. அதோடு, நாட்டில் இப்போது நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான இந்திய அளவிலான ஆய்வு சொன்ன எண் அது. மலைமேல் இருந்தால் சர்க்கரை வராது, ஏறி இறங்கினாலே கரைந்துவிடும் என்று எங்கள் தாத்தா காலத்தில் சொல்வார்கள். இன்று எங்கள் தெருவில் வீட்டுக்கொரு மாத்திரை டப்பா இருக்கிறது.

மதுரையில் அப்பாவின் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு வைத்து நீல ஒளியில் காட்டினார்கள். தோல் இல்லாத இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது, ஒரு சிறிய காப்பிக்கொட்டை வடிவில். சுரண்டி எடுத்துப் பார்த்ததில் பூஞ்சை இல்லை. அது எங்கள் நல்ல காலம். ஸ்டீராய்டை நிறுத்தினார்கள், கண்மேல் பாதுகாப்புக்காக ஒரு மெல்லிய லென்ஸ் வைத்தார்கள், சர்க்கரைக்கு இன்சுலின் கூட்டினார்கள். பிறகு ஒன்று செய்தார்கள். அப்பாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நின்ற நீரைப் பிரித்துச் சொட்டு மருந்தாக்கித் தந்தார்கள். சொந்தச் சீரம். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நான் மலை ஏறினேன்.

"என் ரத்தத் தண்ணியவே எனக்கு ஊத்தறாங்களா தாயி?" என்று அப்பா கேட்டார். "அதுல என்ன இருக்கு?"

வளர்ச்சிக் காரணிகள், உயிர்ச்சத்து, புரதம் என்று சொன்னேன். இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியதால் அன்றிரவு தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் எக்ஸோசோம் என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தேன்.

அதன் கதை 1983-ல் தொடங்குகிறது. கனடாவின் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டன் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டால் என்பவரின் குழுவும் தனித்தனியே முதிராத சிவப்பணுக்களை ஆராய்ந்தன. ஒன்றில் செம்மறியாட்டு ரத்தம், மற்றதில் எலியின் ரத்தம். அணு முதிரும்போது தனக்கு இனி வேண்டாத புரதத்தைப் பொடிப்பொடிக் குமிழ்களில் அடைத்து வெளியே தள்ளுவதை இரு குழுக்களும் பார்த்தன. 1987-ல் ஜான்ஸ்டன் அதற்கு எக்ஸோசோம் என்று பெயர் வைத்தார். செல் தன் வீட்டுக் குப்பையைக் கொட்டுகிறது, அவ்வளவுதான் என்று விஞ்ஞான உலகம் பல ஆண்டுகள் அதைக் கடந்துபோனது. 2007-ல் சுவீடனில் யான் லோட்வாலின் குழு அந்தக் குமிழ்களைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஆர்.என்.ஏ. இருந்தது. ஒரு செல் எழுதிய கட்டளையை இன்னொரு செல்லுக்குக் கொண்டுபோகும் சரக்கு. குப்பை என்று ஒதுக்கியது தபால்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வேறொரு வழி இருக்கிறது. மலைக் கிராமத்தில் யாருக்காவது அவசரமாக மருந்தோ நாற்றோ சாவியோ அனுப்ப வேண்டுமென்றால் ஒரு மஞ்சப்பையில் போட்டு, சீட்டு ஒன்று எழுதி வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். இன்ன ஊர் நிறுத்தத்தில் இன்னார் வந்து வாங்கிக்கொள்வார். எக்ஸோசோம் அந்த மஞ்சப்பை. உள்ளே பொருளும் உண்டு, செய்தியும் உண்டு. பையின் வெளித்தோலில் உள்ள புரதங்கள்தான் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதற்கான அடையாளம். அளவு 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரம் பைகளை வரிசையாக அடுக்கலாம். வெங்காயத் தோலைக் காட்டும் எங்கள் பள்ளி நுண்ணோக்கியில் இது தெரியவே தெரியாது.

ஸ்டெம் செல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி, கொழுப்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஒருவகை ஸ்டெம் செல்லைப் புண்பட்ட இடத்தில் செலுத்தினால் ஆறுகிறது என்று பார்த்தவர்கள், அது புதுத் திசுவாகவே மாறிவிடுகிறது என்று முதலில் நம்பினார்கள். தேடிப் பார்த்தால் செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சில நாள்களிலேயே காணாமல் போயிருந்தன. ஆனாலும் புண் ஆறியிருந்தது. 2010-ல் சிங்கப்பூரில் லிம் சாய் கியாங்கின் குழு செல்லையே விட்டுவிட்டு, செல் வளர்ந்த திரவத்திலிருந்து பிரித்த எக்ஸோசோமை மட்டும் எலிகளின் இதயப் பாதிப்புக்குக் கொடுத்தது. சேதம் குறைந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே சொன்னார்: "சோத்த வச்சுக்கிட்டு வடிச்ச கஞ்சியக் குடுக்கிறாப்ல. சத்து கஞ்சிலதான எறங்கியிருக்கு." இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

கஞ்சிக்குச் சில சௌகரியங்கள் உண்டு. செல் உயிருள்ளது, வேண்டாத இடத்தில் பெருகலாம், உடம்பு அதை அந்நியமென்று எதிர்க்கலாம். எக்ஸோசோம் பெருகாது, எதிர்ப்பும் குறைவு, உறையவைத்துப் பாதுகாக்கலாம், சொட்டு மருந்தாக்கலாம். கருவிழி நமக்கு வெளியிலேயே இருக்கிறது, ஊசிகூட வேண்டாம். 2018-ல் சிகாகோவில் மனிதக் கருவிழியின் ஸ்டெம் செல்களிலிருந்து எடுத்த எக்ஸோசோமை எலிகளின் கருவிழிக் காயத்தில் இட்டபோது, இடாத எலிகளைவிட வேகமாகத் தோல் மூடியது. 2019-ல் பிட்ஸ்பர்க்கில் நடந்த எலிச் சோதனையில் தழும்பும் குறைந்தது. தழும்பு விழுந்த கருவிழி ஆறினாலும் தேய்ந்த கண்ணாடிதான் என்பதால், என் கணக்கில் இது முந்தையதைவிடப் பெரிய செய்தி.

இவற்றையெல்லாம்விட என்னை உட்கார வைத்தது லாஸ் ஏஞ்சலிஸில், செடார்ஸ்-சினாய் மருத்துவமனை ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த ஒரு வேலை. இறந்தபின் தானமாக வந்த கண்களை எடுத்தார்கள். சிலர் நீரிழிவு உள்ளவர்கள், சிலர் இல்லாதவர்கள். இரு வகைக் கண்களின் விளிம்பிலிருந்தும் செல்களை வளர்த்து, அவை வெளியிடும் எக்ஸோசோம்களைத் தனித்தனியே பிரித்து, மேல்தோல் ஸ்டெம் செல்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல கண்ணின் எக்ஸோசோம் கீறலை வேகமாக மூடவைத்தது. நீரிழிவுக் கண்ணின் எக்ஸோசோமுக்கு அந்தத் திறன் குறைவாக இருந்தது. பஸ் வருகிறது, பையும் வருகிறது, உள்ளே இருக்கும் சீட்டில் எழுத்து மாறியிருக்கிறது. நீரிழிவுக் கருவிழியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 146ஏ என்ற ஒரு துணுக்கு மிகுந்துவிடுவதையும், தோல் செல்லை வளரச் சொல்லும் காரணியின் வாயிலை அது அடக்கிவைப்பதையும் அதே ஆராய்ச்சிக்கூடம் முன்பே காட்டியிருந்தது.

அந்தக் காரணியைக் கண்டவர் ஸ்டான்லி கோஹன். நரம்பை வளர்க்கும் காரணியைக் கண்டவர் ரீட்டா லெவி-மோன்டால்சினி. இத்தாலியில் யூதர் என்பதால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டு, படுக்கையறையிலேயே கோழிக்குஞ்சுக் கருக்களை வைத்து ஆராய்ச்சி நடத்தியவர். பிறகு செயின்ட் லூயிஸில் வேலை செய்தார். இருவருக்கும் 1986-ல் சேர்ந்தே நோபல் பரிசு. ரீட்டா கண்ட அந்த நரம்புக் காரணிதான் 2018-ல் அமெரிக்காவில், மரத்துப்போன கருவிழிக்கான சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது. எட்டு வாரம், நாளுக்கு ஆறு முறை. அதன் விலையை எங்கள் ஊரில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு குடும்பத்தின் காப்பித் தோட்டத்தை விற்றாலும் எட்டுமா என்பது சந்தேகம். எக்ஸோசோம் மேல் எனக்குள்ள ஆசைக்கு இதுவும் ஒரு காரணம். ஒரே காரணியை அல்ல, தோலுக்கும் நரம்புக்கும் வீக்கத்தைத் தணிப்பதற்கும் வேண்டிய பலவற்றை ஒரே பையில் அது கொண்டுபோகிறது.

இந்தியாவில் இதற்கு அடித்தளம் புதிதல்ல. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2001-லேயே விளிம்பு ஸ்டெம் செல்களை வளர்த்துக் கண்ணில் பதிக்கத் தொடங்கியது. சுண்ணாம்பும் அமிலமும் பட்டுக் கண் வெந்துபோனவர்களுக்கு அது பார்வை தந்தது. 2012-ல் அங்கிருந்த வீரேந்திர சங்வானின் குழு, ஆய்வகத்தில் வளர்க்காமல் நல்ல கண்ணிலிருந்து எடுத்த துணுக்கை அப்படியே துண்டுகளாக்கிப் பதிக்கும் எளிய முறையை வெளியிட்டது. சின்ன மருத்துவமனையிலும் செய்யலாம் என்பதால் இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள்.

ஆனால் எக்ஸோசோம் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. நீரிழிவுக் கருவிழியைப் பொறுத்தவரை நான் மேலே சொன்னவை எலியிலும் ஆய்வகத் தட்டிலும் கண்டவை. எந்தச் செல்லிலிருந்து எடுப்பது, எத்தனை கொடுப்பது, இன்றைய தொகுப்பும் அடுத்த மாதத் தொகுப்பும் ஒன்றுபோல் இருக்குமா என்பதெல்லாம் தீர வேண்டும். கண்ணில் விட்ட சொட்டைக் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறது. அதனால் மெல்லக் கரையும் கூழில் வைத்துத் தர முயல்கிறார்கள். இதற்கிடையில் நகரங்களில் முகப்பொலிவுக்கும் முடி வளர்வதற்கும் எக்ஸோசோம் என்று விளம்பரப் பலகைகள் வந்துவிட்டன. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அனுமதியற்ற எக்ஸோசோம் மருந்துகளால் நெப்ராஸ்காவில் நோயாளிகளுக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதைச் சொல்லி எச்சரித்தது. ஸ்டெம் செல் பற்றி நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் தந்த நெறிமுறையும் கறாரானது: ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை போன்ற ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்றவை ஆய்வாகத்தான் நடக்க வேண்டும், விற்பனையாக அல்ல. கண்ணுக்கு எக்ஸோசோம் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கு நம் கையில் இருப்பது நேரம். நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. கிராமத்திலேயே பயிற்சி பெற்ற ஊழியர்கள், கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று வேளை சாதாரணக் கிருமிநாசினிக் களிம்பு வைத்தார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. பிறகு மதுரை மாவட்டத்தின் இரண்டு ஊராட்சிகளிலும் இதைச் செய்து பார்த்தார்கள். இங்கே பூஞ்சை அதிகம் என்பதால் அதற்கான களிம்பையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா நான்கு நாள் கழித்துத்தான் சொன்னார். நான் மூன்று வாரம் கழித்துத்தான் மலை இறங்கினேன்.

சீரம் விட்டு ஐந்தாம் வாரம் பச்சை ஒளிரவில்லை. தோல் மூடிவிட்டது. ஓரத்தில் பனி படிந்தாற்போல ஒரு மங்கல் மட்டும் நின்றுவிட்டது. காலையில் காப்பி குடித்ததும் அப்பா வாசலில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பெருமாள் மலையைப் பார்க்கிறார், பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்க்கிறார். நேற்றைவிட மங்கலாக இருந்தால் அன்றே எனக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். வலிக்கிறதா என்று இப்போது யாரும் அவரைக் கேட்பதில்லை.

இந்த மாசியில் மறுபடி கவாத்து. இரண்டு பக்கமும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தேன். மதியம் மேகம் இறங்கியதும் அது புகைமூட்டம்போல் மங்கிப்போனது. அப்பா அதைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.